யார் மடி

1983 மே 24, செவ்வாய்

இன்றைய தவறு: ஆசாரி கேட்ட கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன்.

தட்டச்சு வகுப்பில் தாளை உருவியதும் முதலில் பிழைகளை வட்டமிடச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் டைரியிலும் பிழையை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

காசிமாயனின் மகள் செல்லக்கிளிக்கு ஐந்து வயது. இன்னும் காது குத்தவில்லை. அவளுடைய அம்மா செல்லத்தாய் காய்ச்சலில் இறந்துபோனதிலிருந்து பிள்ளை பேரையூரில், தாய்மாமன் முத்திருளன் வீட்டில் வளர்கிறாள். வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, பேரையூர் சாலையில் இருக்கும் அவர்கள் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக ஏற்பாடு. அது முடிந்ததும் பிள்ளையை அவனியாபுரத்துக்கு, எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பது காசிமாயனின் ஆசை. என் ஆசையும் அதுதான்.

'எங்கள் வீடு' என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

பங்குனியில் நானும் காசிமாயனும் இந்த ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். முன்னறையில் அவருடைய மோட்டார் காயில் கட்டும் கடை. பின்னால் இரண்டு அறைகள். நான் பகலில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் தட்டச்சு படிக்கிறேன். போன வருடம் அவர் வயர்மேன் பரீட்சைக்குப் படிக்க, தட்டச்சு வகுப்பு நடக்கும் அதே மாடிக்கு வந்தார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். ஒருநாள் தடுப்புக்கு மேல் ஒரு தலை நீண்டது. "தம்பி, எங்க வாத்தியாரு வாயி மட்டும்தான் அசையுது, சத்தமே வரல. கொஞ்சம் பைய அடிங்களேன்" என்றது. அன்று என் தாள் முழுக்க வட்டம்.

அவரை எனக்குப் பிடிக்கும் என்று எழுதினால் போதாது. காலம் முழுக்க ஒரே வீட்டில், ஒரே பாயில் என்று நினைக்கிற மாதிரி பிடிக்கும். அவருக்கும் அப்படித்தான். அதை அவர்தான் முதலில் சொன்னார். நானாக இருந்தால் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

இன்று ஆசாரியிடம் நாள் சொல்லப் போனேன். "மடி யாரு தம்பி?" என்று கேட்டார். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எங்கள் சௌராஷ்டிர வீடுகளிலும் அதுதான் வழக்கம். தெரியாமல் இல்லை. தெரிந்தும், "நான்தான்" என்றேன்.

ஆசாரி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீங்க பட்டுநூல்கார வீட்டுப் பையனாச்சே?"

நான் நாளை மட்டும் மறுபடி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடையில் ஒருவர் மோதிரத்துக்குக் காத்திருந்தார். அவர் மடியில் கிடந்த பையில் பேரையூர் ஜவுளிக்கடைப் பெயர் அச்சடித்திருந்தது. அதை வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன்.

நாளை: ஆசாரியிடம் திரும்பப் போய், மடி முத்திருளன் என்று சொல்ல வேண்டும்.

மே 26, வியாழன்

இன்றைய தவறு: வந்தவர் வேட்டியில் மோரைக் கொட்டினேன்.

வந்தவர் முத்திருளன். நேற்று ஆசாரியிடம் திருத்திச் சொல்லியும் பயன் இல்லை. செய்தி முதல் பஸ்ஸிலேயே பேரையூர் போய்விட்டது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். நல்ல உயரம். வெயிலில் வந்த முகம்.

"ஏன் மாப்ள, நான் என்ன செத்தா போயிட்டேன்? எந்தங்கச்சி மகளுக்கு வேற ஒருத்தன் மடி குடுக்குறானாம். டீக்கடையில வச்சு என்னையக் கேக்குறாய்ங்க."

"மச்சான், மொதல்ல உள்ள வாங்க. மோர் குடிங்க" என்றார் காசிமாயன்.

நான் மோரை நீட்டும்போதுதான் டம்ளர் சாய்ந்தது. வேட்டியை உதறிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சித்திரைத் திருவிழாவுக்கு வந்துட்டுப் போனதுலருந்து புள்ள வாயத் தொறந்தா ஹரி மாமா, ஹரி மாமாங்குது. அது நீங்கதானா?"

"ஆமாங்க."

"இங்க வாடகைக்கு இருக்கீகளா?"

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். காசிமாயன் முந்திக்கொண்டார். "வாடகைக்கு இல்ல மச்சான். என்னோட இருக்காரு. இனிமே எப்பவும் என்னோடதான்."

 கடை முழுக்க வார்னிஷ் வாசனை. முத்திருளன் சுவரில் இருந்த செல்லத்தாய் படத்தைப் பார்த்தார். அதை மாட்டியது நான். ஆணி கொஞ்சம் கோணல்.

"பூ வாடாம இருக்கே. யாரு போடுறது?"

"ஹரிதான். கடை விட்டு வரும்போது வாங்கிட்டு வருவாரு."

 முத்திருளனின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் சொன்னது இதுதான்:

"உங்க ரெண்டு பேரு விசயத்துக்குள்ள நான் வரல. ஆனா பொம்பளை இல்லாத வீட்ல பொட்டப்புள்ளைய எப்பிடி வளப்பீக? எண்ணெ தேச்சுவிட யாரு, சடை பின்ன யாரு? என் மடியிலதான் காது குத்தணும். குத்துன கையோட புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன். எங்க ஊர்லயும் பள்ளிக்கூடம் இருக்கு."

"அவ எம் மக, மச்சான்."

"எந் தங்கச்சி பெத்த மக."

அவர் போன பிறகு, நான் கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருக்கிறேன் என்றேன். நான் இங்கே இல்லாவிட்டால் முத்திருளன் பிள்ளையைக் கொடுத்துவிடுவார் என்று தோன்றியது. காசிமாயன் செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"போ. போயி அப்பிடியே உங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு வா. எடம் கெடக்கு."

"விளையாடாதீங்க."

"நீ விளையாடாத. உன்னைய அனுப்பிட்டுப் புள்ளையக் கூட்டியாந்தேன்னு வையி. அவ வளந்து, 'ஏப்பா ஒம் மூஞ்சி எப்பவும் இப்பிடியே இருக்கு'ன்னு கேப்பா. அதுக்கு நான் என்ன சொல்ல?"

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் கொட்டிய மோரை மறுபடி துடைத்தேன்.

நாளை: அம்மாவைப் பார்க்கப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

மே 29, ஞாயிறு

இன்றைய தவறு: அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். விக்கல் எடுத்துவிட்டது.

முடிவு செய்ய இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வரிசையாக மனதில் தட்டச்சு செய்துகொண்டே போனேன். வாசலைத் தாண்டியதும் வரிசை போய்விட்டது. காசிமாயன், செல்லக்கிளி, வீடு, மடி, பேரையூர் எல்லாம் தலைகீழாக வந்தன.

அம்மா பெயர் சுந்தரவல்லி. அப்பா போன பிறகு தனியாக அப்பளக் கடை நடத்துகிறாள். அவளிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் கிடையாது. வீட்டில் எங்கள் பாஷையில்தான் பேசுவோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

விக்கல் நின்றதும், "பொண்ணு பாக்க வேண்டாம்னு ஒவ்வொரு தடவையும் சொன்ன. அப்புறம் நான் கேக்குறதையே விட்டுட்டேனே, ஏன்னு யோசிச்சியா?" என்றாள்.

"இல்லம்மா."

"நான் யோசிச்சேன். ரொம்ப நாள் யோசிச்சேன்." தட்டை நகர்த்தி வைத்தாள். "அவன் உன்னை அடிக்க மாட்டானே? குடிக்க மாட்டானே?"

"மாட்டார்ம்மா."

"புள்ளை எப்படி?"

செல்லக்கிளி சித்திரைத் திருவிழாவுக்கு வந்து பத்து நாள் எங்களோடு இருந்த கதையைச் சொன்னேன். அவள் காலில் குத்திய கருவேல முள்ளை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததையும், "கண்ணத் தொறந்துக்க மாமா, எனக்கு வலிக்கல" என்று அவள் எனக்குத் தைரியம் சொன்னதையும் சொன்னேன். அம்மா சிரித்தாள். பிறகு, "காதுகுத்துல கிடா வெட்டுவாங்களா?" என்று கேட்டாள்.

"வெட்டுவாங்க."

"அப்போ நான் வரலை."

எங்கள் வீட்டில் கறி சேர்ப்பதில்லை. அது கறிக்குச் சொன்னதா, காசிமாயனுக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

நாளை: கடையில் வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்ல வேண்டும்.

ஜூன் 3, வெள்ளி

இன்றைய தவறுகளைப் பிறகு எழுதுகிறேன். முதல்முறையாக வரிசையை மாற்றுகிறேன். நடந்ததை முதலில் எழுதியாக வேண்டும்.

காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டோம். சுற்றிலும் கரிசல் காடு. தண்ணீர் இல்லாத கண்மாய். ஒரே ஒரு பெரிய வேப்பமரம். முத்திருளனும் அவர் மனைவி இருளாயியும் செல்லக்கிளியோடு வந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் ஒரு டிராக்டர் நிறைய. மொட்டை அடித்து, சந்தனம் பூசி, புதுப் பாவாடையில் செல்லக்கிளி நின்றாள். என்னைப் பார்த்ததும் தன் தலையைத் தானே தட்டிக்காட்டிச் சிரித்தாள். நான் கிட்டே போகவில்லை. கூட்டத்துக்குக் கடைசியில், அவள் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

காசிமாயன் என்னிடம் வந்து, "முன்னால வா" என்றார்.

"வேணாம்ண்ணே. அவருக்குக் கோபம் வரும்."

"அண்ணேன்னு கூப்புட்ட, எனக்குக் கோவம் வரும்" என்றுவிட்டுப் போனார்.

முத்திருளன் மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் வைத்தார்கள். அவர் வாங்கி வந்த சிவப்புக்கல் தோடு தட்டில் இருந்தது. பெண்பிள்ளைக்கு முதலில் இடது காது. ஆசாரி வாழைப்பழத்தை ஊட்டிவிடச் சொன்னார், பாட்டுப் பாடச் சொன்னார், குத்திய கையோடு ஒரு தோட்டையும் மாட்டிவிட்டார்.

அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. அடுத்த நொடி முத்திருளன் "ஆ!" என்று கையை உதறினார். கடித்துவிட்டாள். மடியிலிருந்து துள்ளி இறங்கி, கால்களுக்கு நடுவே புகுந்து ஓடினாள். காசிமாயன் கையை நீட்டினார். அவரையும் தாண்டி வந்தாள். வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

நான் எல்லோரையும்விடத் தூரத்தில் நின்றேன். அதனால்தான் என்னிடம் வந்தாள் என்று நினைக்கிறேன். ஆனாலும் தூக்கிக்கொண்டேன்.

"நல்ல நேரம் போகுது. ஒத்தக் காதோட விட முடியுமா? கொண்டாங்க புள்ளைய" என்று ஆசாரி சத்தம் போட்டார். இரண்டு பேர் வந்து இழுத்தார்கள். செல்லக்கிளி என் சட்டையை விடவில்லை. ஒரு பொத்தான் தெறித்தது. பிறகு முத்திருளனே எழுந்து வந்தார். இழுத்தவர்கள் விலகி வழி விட்டார்கள்.

"வாடி கிளி. மாமன் மடிக்கு வா."

"மாட்டேன். நீ குத்துவ."

"நானா குத்துனேன்? ஆசாரில்ல குத்துனாரு."

"நீதான் புடிச்சுக்கிட்ட."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முத்திருளன் சிரிக்கவில்லை. "இந்த மாமா மட்டும் புடிக்க மாட்டாரா?"

"புடிப்பாரு. ஆனா அவரும் பயப்புடுவாரு."

இப்போது நன்றாகவே சிரித்தார்கள்.  இருளாயி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏய்யா, ஒனக்கு ஒரு காது ஆச்சுல்ல? ரெண்டு மாமன் இருக்குற வீட்ல காதுக்கு ஒருத்தர்னு உக்கார்றது ஊர்ல நடக்காததா?"

"ரெண்டாவது மாமனுக்கு நான் எங்கடி போவேன்? எங்க ஆத்தா என்னையும் செல்லத்தாயையும் மட்டும்தான பெத்துச்சு."

"இன்னொண்ணை நான் பெத்திருக்கேன்."

குரல் டிராக்டருக்குப் பின்னால் இருந்து வந்தது. அம்மா! ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் பித்தளைத் தட்டு. மூக்கை முந்தானையால் பாதி மூடியிருந்தாள். கிடா அடுப்பு அந்தப் பக்கம்தான் எரிந்தது. எப்போது பஸ்ஸிலிருந்து இறங்கினாள், எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று எனக்குத் தெரியாது. நேராக வந்து முத்திருளன் முன்னால் தட்டை நீட்டினாள். பட்டுப் பாவாடை, பூ, பழம். நடுவில் சின்னதாக ஒரு ஜோடி வெள்ளைக்கல் தோடு.

"சீரோட வந்திருக்கேன். ஏத்துக்கிறது உங்க இஷ்டம். ஏத்துக்கலைன்னா புளியோதரையை மட்டும் வச்சிட்டுப் போறேன்."

முத்திருளன் தட்டைப் பார்த்தார், காசிமாயனைப் பார்த்தார். காசிமாயன் கையைக் கூப்பினார். அந்த மனிதர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. முத்திருளன் கடிபட்ட கையைத் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வந்து உக்காரு. நல்லாச் சம்மணம் போடு. மடி ஆடக் கூடாது. தலைய நெஞ்சோட சேத்து அணைச்சுக்க. கைய நான் புடிச்சுக்கிறேன், இல்லாட்டி ஒன்னையும் கடிச்சுப்புடுவா."

உட்கார்ந்தேன். செல்லக்கிளியின் மொட்டைத் தலை என் தாடைக்குக் கீழே சூடாக இருந்தது. சந்தன வாசனை. அவளுடைய இரண்டு கையையும் முத்திருளன் பிடித்துக்கொண்டார். வலது காது குத்தியாயிற்று. இந்த முறை அவள் அலறவில்லை. "மாமா, கண்ணத் தொற" என்றாள்.

அந்தக் காதில் எதைப் போடுவது என்று பேச்சு வந்தது. இடது காதில் ஏற்கெனவே சிவப்புக்கல். வலது காதில் வெள்ளைக்கல் போட்டார் ஆசாரி. "எந்தொழில்ல இப்பிடி ஒரு ஜோடி போட்டதில்ல" என்றார்.

ஆனால் அதோடு முடியவில்லை. சாப்பாடு முடிந்து கை கழுவும்போது முத்திருளன் சொன்னார்: "மடி குடுத்தது குடுத்ததுதான். ஆனா காது வேற, வளக்குறது வேற. புள்ள எங்களோட வரட்டும் மாப்ள."

 காசிமாயன் முகம் கறுத்தது. அவர் பேசுவதற்குள் இருளாயி பேசினார்.

"நீயே அவர மாமன்னு ஊரு முன்னால உக்கார வச்சுட்ட. தகப்பனும் மாமனும் இருக்குற வீட்ட விட்டுப்புட்டு புள்ள எதுக்கு இன்னொரு வீட்டுக்கு வரணும்? ஊரு கேட்டா என்ன சொல்லுவ?"

"ஒனக்கு அவ வேணாமா?"

"எனக்கு வேணாமாவா?" இருளாயியின் குரல் உடைந்தது. "தூக்கத்துல அப்பா அப்பான்னு எந்திரிச்சு உக்காருறா. அந்தச் சத்தத்த நீயா கேக்குற? நான்ல கேக்குறேன்."

முத்திருளன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கடைசியில் என்னிடம், "எல்லாஞ் சரி. சடை யாரு பின்னுவா?" என்றார்.

 எல்லோரும் ஒரே நேரத்தில் செல்லக்கிளியைத் திரும்பிப் பார்த்தோம். முடி என்று சொல்ல ஒன்றும் இல்லாமல், சந்தனம் மின்ன, அவள் புளியோதரையில் இருந்த கடலையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

முதலில் சிரித்தது முத்திருளன்தான். அப்புறம் அத்தனை பேரும். அம்மா, "அது வளர்றதுக்குள்ள நான் இவனுக்குப் பின்னக் கத்துக் குடுத்துர்றேன்" என்றாள்.

"அப்பச் சரி. தைப் பொங்கலுக்கும் முழுப்பரீட்சை லீவுக்கும் புள்ள பேரையூர் வந்துரணும். ஏம்ப்பா தம்பி, மடி குடுத்தவன் சடங்கு, கல்யாணம்னு கடைசி வரைக்கும் சீர் செய்யணும். பாதியில ஓட முடியாது, தெரியும்ல?"

"ஓட மாட்டேன்."

"ஓடுனா மாப்ள பின்னாலயே வந்துருவாரு" என்றார் இருளாயி. காசிமாயன் வெட்கப்பட்டதை இன்றுதான் பார்த்தேன்.

பஸ்ஸில் செல்லக்கிளி எங்கள் இரண்டு பேர் மடியிலும் குறுக்காகப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

இன்றைய தவறுகள்: ஒரு பொத்தான் தொலைந்தது. குத்தும்போது கண்ணை மூடினேன். அம்மாவுக்கு நன்றி சொல்ல மறந்தேன்.

ஜூன் 5, ஞாயிறு

இன்றைய தவறு: செல்லக்கிளிக்கு நான் வைத்த ரசத்தில் உப்பு இல்லை. "சுடுதண்ணி நல்லா இருக்கு மாமா" என்றாள்.

அம்மா காலையில் வந்தாள். நன்றி சொன்னேன். "ஏன், நான் யாருக்கோவா செஞ்சேன்?" என்று திட்டினாள். அப்பளம் ஒரு கட்டும் தன் மிக்ஸியும் கொண்டு வந்திருந்தாள். கடைசி அறையைக் கூட்டி, தன் பாயை ஓரமாக விரித்துப் பார்த்து, "ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்தான்" என்றாள். பாயைத் திரும்ப எடுத்துப் போகவில்லை.

காசிமாயன் அவளைப் பார்த்ததும் ஸ்பேனரோடு எழுந்து நின்றார். "உக்காருப்பா. எனக்கு மிக்ஸி ஓடல, அதைப் பாரு" என்றாள். அவர் மத்தியானம் முழுக்க அந்த மிக்ஸியோடுதான். மோட்டாரில் கோளாறே இல்லை, பிளக்கில் ஒரு வயர் விட்டிருந்தது என்று என்னிடம் மட்டும் சொன்னார். அம்மாவிடம் பெரிய வேலை என்று சொல்லி, அவள் கையால் இரண்டாவது காபி குடித்தார்.

செல்லக்கிளி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். செல்லத்தாய் படத்துக்கு முன்னால் நின்று இரண்டு காதையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். பிறகு காசிமாயனிடம் போய், "அப்பா, நான் இங்கதான இருக்கப் போறேன்? திரும்பக் கொண்டுபோயி விட்டுற மாட்டீகள்ல?" என்று கேட்டாள்.

"இங்கதான்டா. இது ஒன் வீடு."

"ஹரி மாமா?"

"அவரு வீடும்தான்."

"அப்ப அவரும் எங்கயும் போக மாட்டாரு?"

காசிமாயன் என்னைப் பார்த்தார். பதிலை நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். எதைச் சொன்னாலும் சரிதானா என்று ஒருமுறை யோசித்துவிட்டுச் சொல்வது என் வழக்கம். இந்த முறை யோசிக்கவில்லை.

"போக மாட்டேன்" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, அப்பளம் பொரிக்கச் சொல்லிக் கேட்க அம்மாவிடம் ஓடினாள்.

நாளை: எழுந்ததும் செல்லக்கிளியின் இரண்டு காதுக்கும் மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெய் போட வேண்டும். பிறகு மூன்று பேருமாகப் போய் அவளைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும்.